போதும் டார்க்கஸ்

சாமர்செட்டில், மெண்டிப் மலைக்கு இந்தப் பக்கம், எந்தக் கொட்டகையில் ஆட்டம் நடந்தாலும் ஒரு மெட்டு கட்டாயம் உண்டு. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் பிடில் நடுவில் சட்டென்று வாயை மூடிக்கொள்ளும். ஆடுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து மூன்று முறை கை தட்டுவார்கள். பிறகு ஜோடி ஜோடியாகக் கை கோத்து, இசையே இல்லாமல், காலடிச் சத்தத்திலேயே ஒரு சுற்று சுற்றுவார்கள். அதற்கப்புறம் பிடில் ஒன்றுமே நடக்காதது போலப் புறப்பட்டுவிடும்.

இந்த மெட்டு எப்படிப் பிறந்தது என்று கேட்டால் ஒன்பது ஊர்க்காரர்கள் ஒன்பது பொய் சொல்வார்கள். ஆட்டத்தைப் பார்க்க வந்த பிஷப் மூன்று முறை தும்மினார் என்பார்கள் ஒரு ஊரில். பிடில்காரனின் கால்சட்டைக்குள் குளவி புகுந்தது என்பார்கள் அடுத்த ஊரில், அது எந்த இடத்தில் கொட்டியது என்பதுவரை சொல்வார்கள். பிளாஷ்பரிக்காரர்கள் மட்டும்தான் உண்மையைச் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் ஜார்ஜ் ராஜா ஆண்ட காலம். பிளாஷ்பரியில் ஜோப் ஹேனம் என்று ஒரு தச்சன் இருந்தான். வண்டிச் சக்கரம் செய்வது அவன் தொழில். அவன் செய்த சக்கரம் உடைந்ததாகச் சரித்திரம் இல்லை. வண்டி போய், மாடு போய், வண்டிக்காரனும் போன பிறகு சக்கரம் மட்டும் தனியாக வீடு வந்து சேர்ந்த கதை உண்டு. பிடிலும் அவன்தான். ஏழு ஊருக்கு ஒரே பிடில். கல்யாணமோ, அறுவடையோ, ஆட்டு ரோமம் கத்தரிக்கும் விருந்தோ, ஜோப்பை ஒரு வண்டிமேல் கவிழ்த்த பீப்பாயில் உட்கார வைத்துவிடுவார்கள். அவன் வாசிக்க ஆரம்பித்தால் நொண்டிக்கழுதைகூட வரிசையில் வந்து நிற்கும்.

அவனுக்கு இருந்த ஒரே கஷ்டம், பதினாறு வயதிலிருந்து வாசிப்பவன், முப்பத்தைந்து வயதுவரை ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை என்பது. எப்படி ஆடுவான்? அவன் எழுந்தால் இசை நின்றுவிடும்.

ஓட்வே பண்ணையில் பாலாடைக்கட்டி செய்பவள் தெர்ஸா வோல்ஸ். அவள் அழுத்தி எடுத்த கட்டியைக் கொண்டு சுவர் எழுப்பலாம் என்பார்கள். அரை மூட்டை எடையுள்ள கட்டியை ஒரு கையால் புரட்டிப் போட்டுவிட்டு, மறு கையால் ஈயை விரட்டுவாள். ஜோப் மூன்று வருஷமாக அவளுடைய தள்ளுவண்டிச் சக்கரத்தைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சக்கரத்தில் பழுது ஒன்றும் இல்லை.

ஜூன் மாத ஆரம்பத்தில் ஒரு காலை, உளியும் சுத்தியலுமாகப் பால்பண்ணை வாசலில் போய் நின்றான்.

"என்ன ஜோப்பு, மறுபடியும் சக்கரமா? அது நல்லாத்தானே ஓடுது?"

"லேசா ஒரு சத்தம் கேட்டுச்சு."

"எங்க கேட்டுச்சு? உன் வீட்டுலயா? உன் வீடு அரை மைல் தள்ளியில்ல இருக்கு!"

ஜோப் தொப்பியைக் கழற்றினான். போட்டுக்கொண்டான். மறுபடி கழற்றினான்.

"தெர்ஸா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு. கைதான் உப்புல கிடக்கு. காது சும்மாதான் இருக்கு."

கேட்டான். என்ன கேட்டான் என்று அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை, அவளுக்குக் கேட்டது. அவள் கையை உப்புத் தொட்டியிலிருந்து எடுத்து ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

"மில்லுக்காரரும் போன வாரம் இதையேதான் கேட்டாரு. உன்னைவிடக் கொஞ்சம் சத்தமா. அவருக்குச் சொன்னதையே உனக்கும் சொல்றேன். கத்தரிப்பு விருந்துல கடைசி ஆட்டம் யாரோட ஆடுறேனோ, அவருக்குத்தான் அன்னிக்கு பதில் சொல்வேன். ஆடிப் பாக்காத ஆளைக் கட்டிக்க மாட்டேன்."

"நான் வாசிச்சிட்டுல்ல இருப்பேன்?"

"அது உன் பாடு."

"ஆடித்தான் ஆகணுமா தெர்ஸா? என் குணம் உனக்குத் தெரியாதா?"

"உன் வாசிப்பு தெரியும். எங்கக்கா ஆடிப் பாக்காமத்தான் கட்டிக்கிட்டா. அப்புறம் பாத்தா, அந்த ஆளு அவ கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு முன்னால ஓடுறான். ஆட்டத்துலயும் அப்படி, வீட்டுலயும் அப்படி. கையக் குடுக்குற விதத்துலயே ஒரு ஆளைத் தெரிஞ்சுக்கலாம் ஜோப்பு. உன் கைய நான் பாத்ததே இல்ல. ஒண்ணுல பிடில், ஒண்ணுல வில்லு. இல்லாட்டி சுத்தி."

மாவு மில்லுக்காரர் கிடியன் பர்ரட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறடி இரண்டங்குலம். அவர் ஆடினால் பக்கத்து ஊரில் கோழி முட்டை போடாது. அவரிடம் இரண்டு குதிரை, நாலு வெள்ளிப் பொத்தான் வைத்த கோட்டு, ஊரில் யாரும் எதிர்த்துப் பேசாத ஒரு குரல், எல்லாம் இருந்தன. இடதும் வலதுமாக இரண்டு நல்ல கால்களும் இருந்தன. ஜோப் அந்தக் கால்களைத்தான் எண்ணி எண்ணிப் பார்த்தான்.

விருந்துக்குப் பத்து நாள். தனக்குப் பதிலாக வாசிக்க ஆள் தேடினான் ஜோப். ஏழு ஊரிலும் இசை தெரிந்த இன்னொரு ஜீவன் சர்ச் குமாஸ்தா பிலிமன் காஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் மேல்மாடத்தில் உட்கார்ந்து, தன்னைவிட உயரமான குழலை ஊதுகிறவர்.

"குமாஸ்தா ஐயா, ஒரே ஒரு ஆட்டத்துக்கு ஊதுவீங்களா?"

"அதுக்கென்ன, ஊதிட்டாப் போச்சு."

ஊதினார். பைபிள் சங்கீதம் ஒன்று. அரை மணி நேரத்தில் இரண்டாம் அடிக்கு வந்தார்.

"கொஞ்சம் வேகமா ஊதுங்க ஐயா. ஆடணும்ல?"

"வேகமாத்தான் ஊதுறேன் தம்பி. சவ அடக்கத்துக்கு இதைவிட நிதானமா ஊதுவேன்."

குளத்தில் இருந்த வாத்துகள் தூங்கிவிட்டன. ஒன்று தூக்கத்தில் கரை தட்டி நின்றது. ஜோப் நன்றி சொல்லிவிட்டு வந்தான்.

அன்று மாலைதான் பட்டறையில் அவனுக்கு அது தோன்றியது. யாரும் வாசிக்க வேண்டாம். நானே வாசித்துக்கொண்டு நானே ஆடினால் என்ன?

எங்கள் பக்கத்தில் பிடிலைத் தாடையில் வைப்பதில்லை, மார்பில் அணைத்துப் பிடிப்பார்கள். அப்படிப் பிடித்துக்கொண்டு நடக்கலாம், துள்ளலாம், வரிசைக்கு வெளியே சுற்றி வரலாம். அச்சு மாட்டும் கட்டை ஒன்றை நடுவில் நிறுத்தி, அதன் தலையில் ஒரு தொப்பியைக் கவிழ்த்து, "வாங்க மிஸ் வோல்ஸ்" என்று தலை குனிந்து, ஆடிப் பார்த்தான். எல்லாம் நன்றாகவே நடந்தது, ஒரு இடம்வரை. ஜோடிக்கு வலக்கையைக் கொடுத்துச் சுற்ற வேண்டிய இடம் வந்ததும், வலக்கையில் வில் இருந்தது.

வில்லைச் சுண்டுவிரலில் தொங்கவிட்டால் கை கிடைக்கும். ஆனால் பிடில் நின்றுபோகும். அவனுக்குத் தெரிந்த முந்நூற்றுப் பன்னிரண்டு மெட்டிலும் ஒரு ஓட்டை கிடையாது. எல்லாம் நெருக்கிப் பின்னிய கூடை. எந்த இடத்தில் நிறுத்தினாலும் கால் தடுமாறும்.

அதனால் ஓட்டையுள்ள மெட்டு ஒன்றைச் செய்ய உட்கார்ந்தான். சக்கரம் செய்கிறவனுக்கு நடுவில் ஓட்டை விடுவது புதிதா? அது இருந்தால்தானே சக்கரமே சுற்றும். முதல் பாதி குதிரை துள்ளுவது போல. இரண்டாம் பாதி மேலே மேலே ஏறி, ஏணியின் உச்சிப்படியில் சட்டென்று நிற்கும். நாலு காலடி மௌனம். கையைக் கொடு, சுற்று, கையை எடு, வில்லைப் பிடி, இறங்கு. எட்டு நாள் ஆடினான். கட்டைக்குத் தலை சுற்றியது. வாசலில் வாத்துகள் இரண்டு வரிசையாக நின்று பார்த்தன. எட்டாம் நாள் அவற்றுக்கே ஆட்டம் வந்துவிட்டது.

எல்லாவற்றையும் யோசித்த ஜோப் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. பத்தொன்பது வருஷம் பீப்பாய்மேல் உட்கார்ந்தே இருந்ததால் அது அவன் கண்ணில் படவில்லை.

விருந்து நாள் வந்தது. அறுநூறு ஆட்டை மொட்டையடித்து முடித்தார்கள். பிளாஷ்பரிக்காரர்கள் அறுபதாயிரம் என்பார்கள். அறுநூறு என்றே வைத்துக்கொள்வோம். நாலு மணிக்கு ஓட்வே பண்ணைக் கொட்டகையில் இலந்தைப்பழ அளவுகூட இடமில்லாமல் மேசை நிறைந்திருந்தது. மாவுக்கூட்டுக்குள் வைத்துச் சுட்ட ஆட்டுக்கறி, பன்றித் தொடை, தெர்ஸாவின் பாலாடைக்கட்டி, ஆப்பிள் கள் பன்னிரண்டு பீப்பாய். அந்தக் கள்ளைக் குடித்தால் நேற்று மறந்ததெல்லாம் ஞாபகம் வரும், இன்று நடந்ததெல்லாம் மறந்துபோகும். பண்ணையின் எசமானி திருமதி ஓட்வே மேசையின் தலைமாட்டில். கள் ஜாடிக்குப் பொறுப்பு டார்க்கஸ்.

டார்க்கஸ் அந்த வீட்டில் இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்பவள். உருண்டையாக இருப்பாள், உருண்டே வருவாள். அவளுக்கு வாழ்க்கையில் ஒரே பெருமைதான்: தன் கொட்டகையில் பிடில்காரன் நாக்கு வறண்டதே இல்லை. பிளாஷ்பரியில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்தின் நடுவில் பிடில் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், பிடில்காரன் கோப்பை காலி. ஊரே "ஊத்து!" என்று கத்தும். டார்க்கஸ் ஓடுவாள். ஊற்றியதைக் குடிக்காமல் வைத்தால் அந்த வீட்டை அவமதித்ததாகும். அந்த வீட்டில் அப்புறம் யாரும் அவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

ஆட்டம் தொடங்கியது. வரிசையின் தலையில் நிற்கும் ஜோடிதான் மெட்டைக் கேட்கும். கிடியன் பர்ரட் ஒவ்வொரு தடவையும் தலையில் போய் நின்றார், இருப்பதிலேயே நீளமான ஆட்டமாகப் பார்த்துக் கேட்டார். பதினாறு ஜோடியும் மேலிருந்து கீழ்வரை இறங்கி முடிக்க வேண்டும்.

"என்ன ஜோப்பு, கை வலிக்குதா?" என்று போகிற போக்கில் கேட்டார். "நீ பாட்டுக்கு உக்காந்து வாசி. கால் வேலைய நாங்க பாத்துக்கிறோம்."

ஒரு ஆட்டத்தில் அவர் தெர்ஸாவோடு ஆடினார். நன்றாகத்தான் ஆடினார். ஆனால் கை கோக்கும் இடத்தில் மாவு மூட்டையைத் திண்டில் ஏற்றுவது போல அவளைச் சுழற்றினார். அவள் தொப்பி பறந்து ஒரு ஆட்டின் தலையில் உட்கார்ந்தது.

கதவு வழியே வந்த வெயில் மேசைக் காலை விட்டு நகர்ந்து, கடைசி ஆட்டத்துக்கு நேரமானது. பர்ரட் வெள்ளிப் பொத்தானைத் தடவிக்கொண்டு தெர்ஸாவை நோக்கிப் புறப்பட்டார். அப்போது ஜோப் பீப்பாயிலிருந்து இறங்கினான்.

கொட்டகையில் எல்லாத் தலைகளும் திரும்பின. அவன் காலில் நிற்பதைப் பலர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

"கடைசி ஆட்டம் நான் ஆடப்போறேன்," என்றான். "தெர்ஸா வந்தா."

"ஆடு ராஜா, ஆடு," என்றார் பர்ரட். "வாசிக்கிறது யாரு? உங்க வீட்டு வாத்தா?"

"நானேதான்."

சிரிப்பில் கூரையிலிருந்த புறாக்கள் எல்லாம் வெளியேறின. இரண்டு புறா திரும்பி வரவே இல்லை.

"எசமானியம்மா, நீங்களே சொல்லுங்க," என்றார் பர்ரட். "பைத்தியத்துக்கும் ஒரு எல்லை வேண்டாமா?"

திருமதி ஓட்வே தெர்ஸாவைப் பார்த்தாள். "ஏன்டி, உனக்கு என்ன தோணுது?"

"ஆடட்டும்," என்றாள் தெர்ஸா. "வரிசை கலையாம ஆட்டம் முடிஞ்சா, இதுதான் என் கடைசி ஆட்டம். நடுவுல கலைஞ்சுபோச்சுன்னா, மில்லுக்காரரோட மறுபடி முதல்ல இருந்து ஆடுறேன். சம்மதமா?"

"சம்மதம்!" என்றார் பர்ரட், பாதி முடிந்துவிட்ட வேலைபோல. திருமதி ஓட்வேயை ஜோடியாக அழைத்துக்கொண்டு அவரும் வரிசையில் நின்றார், கலைவதைக் கிட்டத்தில் பார்க்க.

வரிசையின் தலையில் தெர்ஸாவுக்கு எதிரே நின்று ஜோப் பிடிலை மார்பில் அணைத்தான். துள்ளல் புறப்பட்டது. புது மெட்டு! பதினாறு ஜோடியின் குதிகாலும் தானாக எழுந்தன. தலை ஜோடி செய்வதைப் பார்த்துச் செய்வதுதான் மற்றவர்களுக்கு விதி; எல்லாரும் ஜோப்பின் காலையே பார்த்தார்கள். கால்கள் கொஞ்சம் குறுக்கே போயின, ஒருமுறை தெர்ஸாவின் விரலையும் மிதித்தன; ஆனாலும் போயின. இரண்டாம் பாதி. மெட்டு ஏணியில் ஏறியது. ஏறி, நின்றது. ஜோப் வில்லைச் சுண்டுவிரலில் தொங்கவிட்டு, உள்ளங்கையை விரித்து நீட்டினான்.

"ஊத்து!" என்றது கொட்டகை.

நீட்டிய கையில் நுரை பொங்கும் கோப்பை ஒன்று வந்து உட்கார்ந்தது. பின்னால் டார்க்கஸ், பெருமையோடு.

தெர்ஸாவின் கை காற்றில் நின்றது. ஜோப் விழித்தான். வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஒரே மூச்சில் குடித்தான், கோப்பையைத் திருப்பிக் கொடுத்தான், மெட்டைப் பிடித்தான். வரிசை லேசாக ஆடிப்போய் மறுபடி நிமிர்ந்தது.

வரிசையில் ஒரு இடம் இறங்கி, மறுபடி முதல் பாதி, மறுபடி ஏணி, மறுபடி மௌனம். கையை நீட்டினான்.

"ஊத்து!"

கோப்பை. குடித்தான்.

"டார்க்கஸம்மா, பாவம், ஆளு நாக்கு தொங்கிப்போய் நிக்கிறான்!" என்று வரிசையிலிருந்து ஏற்றிவிட்டார் பர்ரட். "பெரிய கோப்பையா எடு!"

மூன்றாம் முறை பெரிய கோப்பை வந்தது. ஆட்டுக்குட்டியைக் குளிப்பாட்டலாம் அதில். ஜோப் அதையும் குடித்தான். இப்போது அவனுக்கு இரண்டு தெர்ஸா தெரிந்தார்கள். இருவரும் கோபமாக இருந்தார்கள். கீழே ஏழாவது ஜோடி எட்டாவது ஜோடியோடு மோதியது. வரிசை ஈரச் சுவர்போல ஒரு பக்கம் சாய்ந்தது. பர்ரட் கையுறையைக் கழற்றி, தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

நாலாம் முறை ஏணி உச்சிக்கு ஏறிக்கொண்டிருக்கும்போதே டார்க்கஸ் ஜாடியோடு உருண்டு வருவதைத் தெர்ஸா பார்த்தாள். பிடில் நின்றது. கொட்டகை "ஊத்து" என்று வாயைத் திறப்பதற்குள், தெர்ஸா டார்க்கஸின் மூக்குக்கு நேரே, கட்டி புரட்டும் அந்தக் கையோடு மறு கையைச் சேர்த்து மூன்று தட்டு தட்டினாள்.

"போதும்! போதும்! டார்க்கஸ்!"

இடி மூன்று விழுந்தது போல இருந்தது. டார்க்கஸ் ஜாடியோடு அப்படியே நின்றாள். தெர்ஸா திரும்பி ஜோப்பின் கையைப் பிடித்தாள். அவன் இழுக்கவில்லை. தள்ளவுமில்லை. அவள் வரட்டும் என்று கையை அவள் பக்கமே விட்டுவிட்டு, அவளோடு சுற்றினான். பிடில் இல்லை, பேச்சில்லை. இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும் பலகைத் தரையில். ஒரு சுற்று. வில் கைக்கு வந்தது. மெட்டு இறங்கியது.

இந்த இடத்தில்தான் பிளாஷ்பரி தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டது. தலை ஜோடி செய்வதைச் செய்வது விதி என்றேன் அல்லவா? பதினைந்து ஜோடியும் தெர்ஸாவைப் பார்த்துக்கொண்டிருந்தன. இந்த ஆட்டத்தில் தட்டுவதும் ஒரு அங்கம் போலிருக்கிறது என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். அடுத்த முறை மெட்டு நின்றதும், கொட்டகையே சேர்ந்து தட்டியது. "போதும்! போதும்! டார்க்கஸ்!" முப்பத்திரண்டு பேர், அறுபத்து நாலு கை. சரியாகச் சொன்னால் ஜோப்பின் இரண்டு நீங்கலாக அறுபத்திரண்டு. தட்டி, கை கோத்து, காலடியிலேயே சுற்றி, மெட்டு வந்ததும் அதில் ஏறிக்கொண்டார்கள். சாய்ந்த வரிசை ஜோப் அடித்த ஆணியைப் போல நேராகிவிட்டது. டார்க்கஸ்கூட ஜாடியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினாள், தன் பெயரை ஊரே கூப்பிடுகிறதே என்று.

கடைசி ஜோடி கீழே வந்து சேர்ந்ததும் ஜோப் வில்லை உயர்த்தினான். கூரைவரை கூச்சல்.

"கலைஞ்சுபோச்சு!" என்று கத்தினார் பர்ரட். "கலைஞ்சதை நான் பாத்தேன்! பாட்டு நின்னுச்சு! ஒரு தடவையா, ரெண்டு தடவையா! எந்த ஊர் ஆட்டத்துல இப்படி நின்னு நின்னு போகும்? இது ஆட்டமே இல்ல!"

தெர்ஸா மூச்சு வாங்கிக்கொண்டே அவர் முன்னால் வந்து நின்றாள்.

"ஆட்டம் இல்லன்னா, நீங்க ஏன் தட்டினீங்க?"

"யாரு? நானா?"

"கையப் பாருங்க."

பர்ரட் கையைப் பார்த்தார். இரண்டு உள்ளங்கையும் பீட்ரூட்போலச் சிவந்திருந்தன. வரிசையிலேயே ஓங்கித் தட்டியது அவர்தான் என்று திருமதி ஓட்வே சாட்சி சொன்னாள். அவளுக்கு இடது காது இன்னும் அடைத்திருந்தது. நல்ல ஆட்டக்காரரின் கையும் காலும் மெட்டு கேட்டால் யாரைக் கேட்டு ஆடும்? பர்ரட் கையைக் கோட்டில் துடைத்துப் பார்த்தார், சிவப்பு போகவில்லை. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நாசமாப் போக. மெட்டு நல்லாத்தாம்ப்பா இருக்கு," என்றார்.

ஜோப் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். கள் அப்போதுதான் மெதுவாகத் தலைக்கு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தது.

"தெர்ஸா, பதில்?"

"நாலு தடவை என் கால மிதிச்சிருக்க."

"மூணு."

"நாலு. நாலாவது உனக்குத் தெரியல, நீ கள்ளுல இருந்த. இந்த மாதிரி மோசமான ஆட்டக்காரனை நான் பாத்ததே இல்ல ஜோப்பு." அவள் அவன் வலக்கையைப் பிடித்து, விரித்து, சக்கரத்தைச் சோதிப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆனா ஒருத்திக்குக் கை குடுக்குறதுக்காக ஒரு பாட்டையே நிறுத்தி வெச்ச ஆளையும் பாத்ததில்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை குமாஸ்தாகிட்ட நம்ம பேரைப் படிக்கச் சொல்லு. நீளமா இழுக்காமப் படிக்கச் சொல்லு."

சர்ச்சில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பில் பெயர் படித்து, அறுவடைக்கு முன்னால் கல்யாணம் நடந்தது. அன்று ஜோப் அந்த மெட்டைப் பதினொரு முறை வாசித்து ஆடினான். பிலிமன் காஸ் குழலில் அதை ஊத முயன்றார். அவர் முதல் மௌனத்துக்கு வந்து சேர்ந்தபோது மூத்த மகள் பிறந்துவிட்டாள் என்பார்கள். பர்ரட் போகிற ஊரிலெல்லாம் அந்த மெட்டைக் கேட்டு வாங்கி ஆடினார். ஒன்பது ஊருக்கும் அது போய்ச் சேர்ந்தது அவரால்தான். பிஷப்பையும் குளவியையும் வழியில் சேர்த்துவிட்டதும் அவராகத்தான் இருக்க வேண்டும்.

மெட்டுக்கு 'தெர்ஸாவின் கை' என்று பெயர் வைத்தான் ஜோப். யார் கேட்டார்கள்? ஊர் வாயில் ஏறியது 'போதும் டார்க்கஸ்', அதுதான் பெயர். "எட்டு நாள் உக்காந்து மெட்டுப் போட்டது நான். ஆடுனது நான். மிதி வாங்குனது அவ," என்று ஜோப் கடைசிவரை புலம்பினான். "பேரு மட்டும் ஜாடி தூக்குனவளுக்கு."

டார்க்கஸுக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. அந்த மெட்டைத் தன் சேவையைப் பாராட்டித்தான் போட்டார்கள் என்று அவள் நம்பினாள். எங்கே அது ஒலித்தாலும், தட்டல் மூன்றும் முடிந்ததும், நிரம்பிய ஜாடியோடு பிடில்காரன் முன்னால் போய் நிற்பாள்.

"போதும்னு யாருய்யா சொன்னது? நீட்டு கோப்பைய!"